வலி தொடர்கிறது, சிகிச்சைதான் அறுந்து அறுந்து போகிறது: ஈசிஹெச்எஸ் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர், முன்னாள் படைவீரர் நலத்துறை, பாதுகாப்பு அமைச்சகம், புதுதில்லி
மேலாண்மை இயக்குநர், ஈசிஹெச்எஸ் மத்திய அமைப்பு, தில்லி
இயக்குநர்கள், ஈசிஹெச்எஸ் மண்டல மையங்கள், சென்னை மற்றும் கோயம்புத்தூர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். முன்னாள் படைவீரர்களின் நாள்பட்ட வலிக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள், ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வுபெற்றவர்கள், அவர்களுக்கு மனுவும் படிவமும் எழுதித் தருபவர்கள் எனச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். படைப்பணியில் வந்த நாள்பட்ட வலியை, சர்க்கரை நோயைப் பார்ப்பதுபோல, ஆண்டு முழுக்கத் தொடர்ந்து பார்க்க வேண்டிய நோயாக, முன்னாள் படைவீரர்களின் பங்களிப்பு மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் பதிவு செய்ய வேண்டும். இன்று அதே ஆள், அதே முதுகு, அதே வலி ஒவ்வொரு முறையும் புதுப் புகாராகவே கவுன்டரில் பதிவாகிறது. கீழே சொல்லும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய இத்திட்டம் செய்திருக்கும் நன்மையை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. ஹவில்தார் வரையிலான தரத்தில் ஓய்வுபெறுபவர் 30,000 ரூபாய் ஒரே முறை கட்டினால், அவருக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுக்கச் சிகிச்சை. ஸ்டென்ட், முழங்கால் மாற்று அறுவை, கீமோ எல்லாம் கையைக் கடிக்காமல் நடக்கின்றன. புற்றுநோய்க்கும் டயாலிசிஸுக்கும் நீண்ட காலம் செல்லும் ரெஃபரல், அதாவது வெளி மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டு, தரும் வழக்கமும் இருக்கிறது. வலிக்கு அது இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி நாள்பட்ட வலி என்று மருத்துவம் வரையறுத்திருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 அதற்கென்று எம்ஜி30 எனத் தனிக் குறியீடே கொடுத்து, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் திட்டத்தின் வெளிநோயாளர் மையமான பாலிகிளினிக்கின் சீட்டில் இன்னும் "எல்.பி.ஏ." என்று மூன்றெழுத்து: லோ பேக் ஏக். அதற்குமேல் ஒரு வரி இருக்காது.

அந்த மூன்றெழுத்துக்குள் எத்தனை விதமான ஆட்கள் அடைபட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஊரார் ராணுவப்பேட்டை என்று அழைக்கும் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், காலாட்படையில் பல ஆண்டு சுமை தூக்கி மலையேறியவர் இருப்பார். அவருக்குக் கீழ்முதுகின் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கும். பக்கத்துத் தெருவில் இருப்பவர் ராணுவத்தின் வழங்கல், போக்குவரத்துப் பிரிவான ஏ.எஸ்.சி.யில் மூன்று டன் வண்டி ஓட்டியவர். அவருடையது ஆண்டுக்கணக்கில் உடம்பு முழுக்க வாங்கிய அதிர்வில் தேய்ந்த முதுகெலும்பு. பாராசூட்டில் குதித்தவருக்குக் கணுக்காலும் முழங்காலும். சியாச்சினிலும் திராஸிலும் இருந்தவருக்குப் பனிக்கடியால் கெட்ட நரம்பு. கண்ணிவெடியில் காலை இழந்தவருக்கு, இல்லாத பாதத்தில் வரும் வலி. இந்த ஐந்து பேருக்கும் ஐந்து விதமான மருந்து, ஐந்து விதமான பயிற்சி. கிடைப்பது என்னவோ ஒரே அசிக்ளோஃபெனாக், பாரசிட்டமால் கூட்டு மாத்திரையும் ஒரு ஜெல் ட்யூபும்தான்.

முதலில் மருந்து அறுந்துபோவதைப் பற்றி. நரம்பு வலிக்கு ப்ரீகாபலின், காபாபென்டின், டுலோக்ஸெட்டின், அமிட்ரிப்டிலின் ஆகிய நான்கும்தான் அடிப்படை. இவற்றை வலி வந்தபோது போட்டு, போனபோது விட முடியாது. ப்ரீகாபலினைத் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் தூக்கம் போகும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், வலி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். நிறுத்துவதாக இருந்தால் குறைந்தது ஒரு வாரம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். டுலோக்ஸெட்டினை நிறுத்தினால் தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் தட்டியதுபோன்ற உணர்வும் வரும். மாதக் கடைசியில் பாலிகிளினிக் மருந்தகத்தில் "என்.ஏ." என்று முத்திரை குத்திக் கொடுக்கும்போது நடப்பது இதுதான். கவுன்டரில் இருப்பவருக்கு அது இருப்பு இல்லை என்ற தகவல். வாங்குபவருக்கு அன்றிரவே தொடங்கும் உபத்திரவம்.

என்.ஏ. ஆன மருந்தை அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர் மருந்துக் கடை தர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கடையின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் கிடந்தாலோ, பில் பாக்கி நின்றுபோனாலோ சங்கிலி அங்கே அறுகிறது. வெளியில் வாங்கிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்தான். மருந்துச் சீட்டு, என்.ஏ. முத்திரை, கடை பில், வங்கி விவரம் எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வரும் என்று காத்திருக்க வேண்டும். அதுவரை மாதம் தவறாமல் கைக்காசு போட எல்லாச் சிப்பாய் பென்ஷனிலும் இடம் இருக்காது. அதனால் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கிக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் மருத்துவர் "மருந்து வேலை செய்யவில்லை" என்று எழுதி அளவைக் கூட்டுகிறார்.

மாற்று மருந்து கொடுக்கும்போது வரும் தவறு இன்னொன்று. 75 மி.கி. ப்ரீகாபலின் காலை ஒன்று, இரவு ஒன்று சாப்பிட்டவருக்கு அது இல்லையென்றால், ஏறத்தாழ 900 மி.கி. காபாபென்டினை மூன்று வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். இரவுக்கு 300 மட்டும் எழுதிக் கொடுத்தால் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் உடம்புக்குள் போகிறது. இரண்டுமே சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் அளவைக் கூட்டினால் தள்ளாட்டமும் விழுந்து இடுப்பு முறிவதும் வரும். ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: இந்த நான்கு மருந்துகளையும் ஒவ்வொரு பாலிகிளினிக்கிலும் தீரவே கூடாத மருந்துகளின் வரிசையில் சேருங்கள். இன்சுலினுக்கு எப்படி ஒரு மாதக் கையிருப்பைத் தனியே கணக்கிடுவீர்களோ அப்படி. யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்த கணக்கு, ஏனென்றால் அதே ஆட்கள்தான் மாதாமாதம் வருகிறார்கள். கொள்முதல் செய்யும் செமோ (ராணுவ மூத்த நிர்வாக மருத்துவ அதிகாரி) அலுவலகத்துக்கு பாலிகிளினிக்கிலிருந்து போகும் தேவைப் பட்டியலில் நோயாளி எண்ணிக்கையோடு அது போக வேண்டும்.

நரம்பு மருந்து இல்லாத இடத்தை நிரப்புவது வலி மாத்திரைகளான டைக்ளோஃபெனாக்கும் எட்டோரிகாக்ஸிப்பும். இங்கேதான் எங்களுக்கு உண்மையான பயம். அறுபது வயதைத் தாண்டிய முன்னாள் படைவீரர் பலர் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுபவர்கள், சிலருக்கு அதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருக்கும். இந்த இரண்டோடு வலி மாத்திரை மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது. அந்த நேரத்தில் ஒரு வயிற்றுப்போக்கோ சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவோ வந்தால் சில நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். அழுத்த மாத்திரையை ஒரு மருத்துவர், வலி மாத்திரையை இன்னொருவர், நீர் மாத்திரையை வெளி மருத்துவமனை எழுதும்போது மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் யாருமில்லை. கொடுக்கும் மருந்தாளுநரின் கணினித் திரையில் இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வரச் செய்வது பெரிய மென்பொருள் வேலை இல்லை. தொடர்ந்து வலி மாத்திரை எடுப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் என்பதை நடைமுறையாக்குங்கள்.

மதுவைப் பற்றியும் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். கேன்டீன் சரக்கு வீட்டில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ப்ரீகாபலினோ, அபின் வகை வலி மருந்தான டிரமடாலோ எடுப்பவர் இரவில் குடித்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. தினமும் குடிப்பவருக்குப் பாரசிட்டமாலின் வழக்கமான 4 கிராம் உச்சவரம்பு பொருந்தாது, அதைவிடக் குறைக்க வேண்டும். குற்றவாளியை விசாரிப்பதுபோல் இல்லாமல், சர்க்கரை அளவைக் கேட்பதுபோலக் கேட்டால் பதில் வரும்.

ரெஃபரலுக்கு வருவோம். பாலிகிளினிக்கில் எலும்பு மருத்துவரின் பெயருக்கு ரெஃபரல் வாங்கி, நகரத்து மருத்துவமனையில் அவரைப் பார்த்தால் எம்ஆர்ஐ எழுதுகிறார். அதற்குத் திரும்பவும் பாலிகிளினிக் போக வேண்டும். எடுத்துக்கொண்டு போனால் நரம்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். அவர் முதுகுத்தண்டு நரம்பு வேரில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார். அது மருத்துவமனையின் ஒப்பந்தப் பட்டியலில் இல்லாத சிகிச்சை என்று அனுமதிக்காகத் தாள் மேலே போகிறது. அது திரும்பி வருவதற்குள் முதல் ரெஃபரலின் கெடு முடிந்திருக்கும். டிஸ்க் பிதுங்கியவருக்கு உட்கார்ந்திருப்பதுதான் மிக மோசமான நிலை. அவரைத்தான் திருப்பத்தூரிலிருந்தும் ராதாபுரத்திலிருந்தும் பஸ்ஸில் உட்கார வைத்து முத்திரைக்காக அலைய விடுகிறோம்.

இதற்கு மாற்றாக நாங்கள் கேட்பது ஓராண்டு வலி ரெஃபரல். ஒரு தாளில் எலும்பு, நரம்பு, வலி மருத்துவம், பிசியோதெரபி நான்கும் அடங்க வேண்டும். முதுகுக்கு ஓர் எம்ஆர்ஐ, நரம்பு வேர் ஊசி, முதுகெலும்பு மூட்டு நரம்புக்கும் முழங்கால் நரம்புக்கும் ரேடியோ அலைச் சிகிச்சை ஆகியவை முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டவையாக அதிலேயே இருக்க வேண்டும். மருந்தை மட்டும் புதுப்பிக்க வருபவர் நேரில் வரத் தேவையில்லை. 2021 மே மாதம் தொடங்கிய செஹத் தொலைமருத்துவ வசதி இதற்கென்றே வாகாக இருக்கிறது. அதில் எழுதும் சீட்டை பாலிகிளினிக் மருந்தகம் அப்படியே ஏற்று, வீட்டார் யாராவது வந்து வாங்கிப்போக அனுமதித்தால் போதும்.

ஒரு விதிவிலக்கு: நாள்பட்ட முதுகுவலிக்காரர் ஒருவருக்குத் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் பிரிந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, அது பழைய வலியின் தொடர்ச்சியாக இராது. முதுகுத்தண்டின் அடிநரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருள். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை வேண்டும், இரண்டு நாள் தாண்டினால் திரும்பக் கிடைப்பது குறைவு. அந்த ஆள் ரெஃபரலுக்காக விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அவசரத்துக்கு எந்த மருத்துவமனையிலும் சேரலாம், ஈசிஹெச்எஸ் பட்டியலில் இல்லாத மருத்துவமனையானால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் தந்தால் போதும் என்பது விதி. இதை ஒவ்வொரு பாலிகிளினிக் வாசலிலும் தமிழில், தூரத்திலிருந்தே படிக்கும் எழுத்தில் வையுங்கள். இப்போதுள்ள அறிவிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் அம்மாக்களுக்கு அவற்றில் ஒரு வரிகூடப் புரிவதில்லை.

பனிக்கடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊர் வெயிலில் அதை யாரும் நம்புவதில்லை. விரல் போகும் அளவுக்குப் பனிக்கடி வாங்கியவரைப் பார்த்தாலே தெரியும். விரல் போகாதவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் பாதம் எரியும், ஏசி அறையில் கால் வலிக்கும், மழைக்காலத்தில் விரல் வெளுத்துக் குத்தும். தோல் பார்க்க நன்றாகவே இருக்கும். மருத்துவர் நரம்புக் கடத்தல் பரிசோதனை எழுதுவார்; முடிவு சரியாக இருக்கிறது என்று வரும். அந்தப் பரிசோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். எரிச்சலையும் குளிரையும் கடத்தும் மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் அதில் தெரியாது. உடனே "ஒன்றுமில்லை" அல்லது "சர்க்கரையால் வந்தது" என்று முடிந்துவிடுகிறது.

கண்டுபிடிக்க வேண்டிய சாமான்கள் மலிவானவை. ஒரு 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் மோனோஃபிலமென்ட், முனை கூரான சோதனை ஊசி. மோனோஃபிலமென்ட்டை உள்ளங்காலில் அது வளையும்வரை அழுத்தித் தெரிகிறதா என்று கேட்டால் தடித்த இழையின் நிலை தெரியும். ஊசி முனை கூராகப் படுகிறதா மொட்டையாகப் படுகிறதா, ட்யூனிங் ஃபோர்க்கின் உலோகத் தண்டு சில்லென்று இருக்கிறதா என்று கேட்டால் மெல்லிய இழையின் நிலை தெரியும். கண்ணை மூடச் சொல்லி, இரு கால்களிலும் மாற்றி மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிறகு இரண்டு கேள்வி: எரிச்சல் தொடங்கிய ஆண்டு எது, சர்க்கரை தெரியவந்த ஆண்டு எது? எரிச்சல் முந்தியதாக, அதுவும் உயர்மலைப் பணியை ஒட்டியதாக இருந்தால் அதைச் சீட்டில் எழுத வேண்டும். இந்த மூன்று சாமானும் இல்லாத பாலிகிளினிக் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பிசியோதெரபிதான் இந்தத் திட்டத்தில் மிகவும் மெலிந்த பக்கம். சிறிய பாலிகிளினிக்குகள் பலவற்றில் பிசியோதெரபிஸ்ட் இல்லை. இருக்கும் இடத்தில் ஓராண்டு ஒப்பந்தம், புதுப்பித்தல் தாமதமானால் அறை பூட்டிக் கிடக்கும். பெயருக்குப் பத்து நாள் மின்தூண்டல், மெழுகு ஒத்தடம் என்று முடித்து அனுப்புவதில் நாள்பட்ட முதுகுக்கு நிலையான பலன் கிடையாது. பலன் தருவது படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி. வாரம் இரண்டு முறை நேரில், மற்ற நாள் வீட்டில், குறைந்தது எட்டு முதல் பன்னிரண்டு வாரம். முழங்கால் மாற்று அறுவைக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு அடுத்த ஆறு வாரப் பயிற்சியைக் கோட்டைவிட்டால், முட்டி 90 பாகைகூட மடங்காமல் இறுகிப்போகும். அப்புறம் கழிவறைக்கும் பஸ் படிக்கும் ஒருவர் துணை வேண்டும். இறுகியதை மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வாய்ப்பும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். அதே தெருவில் இருக்கும் ஈசிஹெச்எஸ் அட்டைக்காரரும் இந்த மாநிலத்தின் குடிமகன்தான். பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வட்டார மருத்துவ அலுவலரோடு பேசி, அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களின் பட்டியலைக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்குத் தில்லியிலிருந்து ஆணை வரும்வரை பொறுக்க வேண்டியதில்லை.

செயற்கைக்கால் பொருத்தியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. துண்டித்த காலின் முனை ஆண்டுகள் போகப் போகச் சுருங்கும். பழைய சாக்கெட் தளர்ந்து உரசும், உரசிய இடத்தில் நரம்பு முடிச்சு இருந்தால் ஒவ்வொரு அடியும் ஷாக் அடிக்கும். அதை மாத்திரையால் தீர்க்கப் பார்ப்பது வீண். புனேயில் இருக்கும் செயற்கை உறுப்பு மையத்துக்கு வயதானவரை அனுப்புவதற்குப் பதில், அங்கிருந்து ஒரு குழு ஆண்டுக்கு இருமுறை சென்னைக்கும் மதுரைக்கும் வந்து அளவெடுக்கட்டும்.

டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வந்ததிலிருந்து பல மருந்தகங்கள் அதை வைப்பதையே விட்டுவிட்டன. வலுவான மருந்தைத் தாராளமாகக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. முதுகுவலிக்கு அவற்றால் நீண்ட காலப் பயன் குறைவு. ஆனால் புற்றுநோய் எலும்பில் பரவிய முன்னாள் படைவீரருக்கு மார்ஃபின் மறுக்கப்படக் கூடாது. 2014 சட்டத் திருத்தம் அதற்கான வழியை எளிதாக்கியிருக்கிறது. ஒவ்வொரு மண்டல மையமும் தன் எல்லைக்குள் மார்ஃபின் வைக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளின் பட்டியலை வெளியிட்டால், குடும்பங்கள் கடைகடையாக அலைவது நிற்கும்.

கடைசியாக, வலி தொடங்கும் இடத்திலேயே நடக்கும் தவறு. பணியிலிருந்து விடுபடும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 படிவத்தில், நோய் பணியால் வந்ததா, பணியால் மோசமானதா, இரண்டும் இல்லையா என்று ஒரு கட்டம் இருக்கிறது. எம்ஆர்ஐயில் டிஸ்க் தேய்மானம் தெரிந்தால் "வயதால் வந்தது, இரண்டும் இல்லை" என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. பத்தாண்டு முடியாமல் முதுகுக்காக வெளியே அனுப்பப்படும் இளைஞனுக்கு இந்த ஒரு கட்டம்தான் வாழ்நாள் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. இரண்டும் இல்லை என்றால் பெரும்பாலும் பென்ஷன் இல்லை. பென்ஷன் இல்லையென்றால் ஈசிஹெச்எஸ் அட்டையும் இல்லை. சேரும்போது உடலில் குறை எதுவும் பதியப்படாமல் இருந்து, பின்னர் நோய் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்று படைவீரர் ஊன ஓய்வூதியம் பற்றிய 1982 விதிகளின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஊனம் 20 விழுக்காடு என்று போர்டு மதிப்பிட்டாலும் பென்ஷன் கணக்கில் 50 ஆக உயர்த்தும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. இத்தனைக்குப் பிறகும் அதே காரணத்தை எழுதி மறுப்பதும், வயதானவர்கள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் படியேறுவதும் நிற்கவில்லை.

போர்டு மருத்துவர் அந்தக் கட்டத்தை நிரப்பும் முன் நான்கு விவரத்தைக் கட்டாயமாக எழுத வேண்டும் என்று ஆணையிடுங்கள். எந்த ஆண்டு எந்த யூனிட்டில் முதன்முதலாக வலி பதிவானது, அப்போதைய பணி என்ன, விபத்து அறிக்கையான ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 போடப்பட்டதா, எப்போது லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல்தகுதி குறைந்தவர் பிரிவில்) வைக்கப்பட்டார். விபத்து அறிக்கை இல்லாதது வீரரின் குற்றமாகாது. மலையில் சறுக்கி விழுந்தவன் அன்றே சுமையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டால் யூனிட்டில் யார் அறிக்கை போடுகிறார்கள்? போர்டு தாள்களின் முழு நகலையும் விடுபடும் நாளிலேயே கையில் கொடுங்கள். ரெக்கார்டு ஆபீஸில் காலக்கெடு முடிந்து கோப்புகள் அழிக்கப்பட்ட பிறகு அவற்றைக் கேட்டு எழுதுவதில் பயனில்லை.

இது இனி அக்னிவீரர்களுக்கும் பொருந்தும். 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நான்காண்டில் வெளியே வருவார்கள். அவர்களுக்குப் பென்ஷனும் கிடையாது, ஈசிஹெச்எஸ்ஸும் கிடையாது. ஊனம் பணியால் வந்தது என்று ஒப்புக்கொள்ளப்பட்டால் அளவுக்கேற்ப 15, 25, 44 லட்சம் ரூபாய் ஒரே முறை தரப்படும். இருபத்தைந்து வயதில் டிஸ்க் பிதுங்கி ஊருக்கு வரும் பையனுக்கு அந்தப் பணம் ஒரு வீட்டுக் கடனிலோ தங்கையின் கல்யாணத்திலோ கரைந்துவிடும். முதுகு இன்னும் நாற்பது ஆண்டு அவனோடு இருக்கும். பணியால் வந்ததென்று ஒப்புக்கொள்ளப்பட்ட அந்த ஒரு நோய்க்கு மட்டுமாவது, எத்தனை ஆண்டு பணியாற்றியிருந்தாலும், ஈசிஹெச்எஸ் அட்டை தர வேண்டும்.

தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். ஓராண்டு ரெஃபரலை முதலில் ஒரு மண்டலத்தில் சோதித்துப் பார்க்கத் தாங்கள் இசைந்தால், அதற்கான படிவ வரைவையும் மருந்துத் தேவைக் கணக்கையும் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர்களின் வலிச் சிகிச்சையிலும் மனு உதவியிலும் ஈடுபட்டிருப்போர்